முட்டையும் வேண்டும், ஊரும் வேண்டும்! பண்ணையைப் பெருக்க அனுமதி கொடுக்கும் முன் ஊரைக் கேள்!



உங்க ஊர் எல்லையில் ஒரு முட்டைக் கோழிப்பண்ணை இருக்குன்னு வச்சுக்குங்க. பத்தாயிரம் கோழி. பத்து வருஷமா இருக்கு. வெயில் காலத்துல கொஞ்சம் வாடை, மழை விட்டா கொஞ்சம் ஈ. நம்ம ஊர்க்காரர் பிழைப்பு, போகட்டும்னு எல்லாரும் பொறுத்துக்கிட்டாங்க.

ஒருநாள் பக்கத்துக் காட்டுல ஜேசிபி இறங்குது. தூண் நிக்குது, தகர ஷீட் ஏறுது. என்னன்னு விசாரிச்சா, "விரிவாக்கம். இன்னும் இருபதாயிரம் கோழி வருது. அனுமதியெல்லாம் வாங்கியாச்சு" என்று பதில் வருகிறது.

யாரைக் கேட்டு வாங்கினார்கள்? அந்த வாடையைச் சுவாசிக்கப் போகிறவரைக் கேட்டார்களா? பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இறைப்பவரைக் கேட்டார்களா? எதிரே இருக்கும் அங்கன்வாடி ஆயாவைக் கேட்டார்களா? இல்லை. அனுமதி என்பது பண்ணை முதலாளிக்கும் அலுவலக மேஜைக்கும் நடுவில் முடிந்துபோகிற கொடுக்கல் வாங்கலாக இருக்கிறது. ஊருக்குச் செய்தி ஜேசிபி சத்தத்தில்தான் வருகிறது.

இதைத்தான் நாம் எதிர்க்கிறோம். பண்ணையை எதிர்க்கவில்லை. ஊரைக் கேட்காத அனுமதியை எதிர்க்கிறோம்.

▪ முதலில் கணக்கு பார்ப்போம்

ஒரு முட்டைக் கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சம் போடும். சின்ன அளவாகத்தான் தெரியும். ஆனால் பத்தாயிரம் கோழி இருந்தால் நாளொன்றுக்கு ஒரு டன். மேலே சொன்ன விரிவாக்கம் முடிந்து முப்பதாயிரம் ஆகிவிட்டால் நாளைக்கு மூன்று டன். வருஷத்துக்கு ஆயிரம் டன்னுக்கு மேல்!

தண்ணீர்? ஒரு கோழிக்கு நாளைக்குக் கால் லிட்டர் என்று வைத்தாலும் முப்பதாயிரத்துக்கு 7,500 லிட்டர். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். இது குடிக்க மட்டும். ஷெட் கழுவ, வெயிலுக்குத் தெளிக்க எல்லாம் தனி. போர் போட்டு எடுப்பது யார் நிலத்தடி நீர்? அந்தப் பட்டாவுக்குக் கீழே மட்டும் ஊறுகிற தண்ணீரா அது?

ஈ விஷயத்துக்கு வருவோம். ஈரமான எருவில் ஈ முட்டையிட்டால், நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாளில் புது ஈ பறந்துவிடும். பண்ணையில் எருவைக் காயவைக்காமல், நேரத்துக்கு அள்ளாமல் விட்டால் அதன் பலன் பண்ணைக்காரர் வீட்டோடு நிற்காது. சோற்றுத் தட்டில் ஒரு கையால் ஈ ஓட்டி இன்னொரு கையால் சாப்பிடுகிறவர்கள் யார் என்று பண்ணைகளைச் சுற்றியிருக்கும் ஊர்களில் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் கூலிக்காரர் வீடு. காலனி வீடு. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க வசதியில்லாத வீடு.

எருவில் உள்ள நைட்ரஜன் மழையோடு மண்ணுக்குள் இறங்கினால் கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் ஏறும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. சோதனைக்கூடத்தில்தான் தெரியும்.

▪ "எங்க பண்ணையில் கூண்டே கிடையாது!"

இப்போது ஒரு புது விளம்பரம் வருகிறது. "கூண்டில்லாப் பண்ணை, திறந்தவெளியில் மேயும் கோழி, இயற்கை முட்டை." நகரத்துக் கடைகளில் இந்த முட்டைக்கு விலையும் கூட.

கோழியைக் கம்பிக் கூண்டில் அடைக்காமல் வளர்ப்பது நல்ல விஷயம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. விலங்கு நியாயமாக அசையக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆகவே கூண்டை விட்டு வெளியே வருகிற கோழிக்கு நம் ஆதரவு உண்டு.

ஆனால் கோழிக்குச் சுதந்திரம் என்ற பேச்சைக் காட்டி ஊரின் கேள்வியை வாயடைக்க முடியாது. கூண்டில் இருந்தாலும் மேய்ந்தாலும் கோழி கோழிதான், எச்சம் எச்சம்தான். கூண்டுப் பண்ணையில் எரு ஷெட்டுக்குக் கீழே குவியும், அள்ளலாம். திறந்தவெளியில் அது நேராக மண்ணில் விழும். கோழிகள் நிலம் முழுக்கச் சமமாகப் பரவி மேயாது. ஷெட் வாசலை ஒட்டித்தான் பெரும்பாலும் சுற்றும். அந்த இடம் மொட்டையாகி, எச்சம் ஏறி, அடுத்த மழைக்கு ஓடை வழியே ஏரிக்குப் போகும்.

இது கற்பனை இல்லை தோழர்களே. இங்கிலாந்தும் வேல்ஸும் இந்தப் பாடத்தை ஒரு ஆற்றைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

▪ வை ஆற்றுக்கு நடந்தது

வேல்ஸ் மலையில் பிறந்து இங்கிலாந்துக்குள் ஓடுகிற ஆறு ‘வை’. சுமார் 250 கிலோமீட்டர் நீளம். சால்மன் மீனுக்கும் தெளிந்த தண்ணீருக்கும் பேர்போனது. அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் வேல்ஸின் பொவிஸ், இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டங்களில் கோழிப்பண்ணைகள் வரிசையாக வந்தன. கறிக்கோழியும் உண்டு, திறந்தவெளி முட்டைப் பண்ணையும் உண்டு. இன்று அந்தப் பகுதியில் இருக்கிற கோழிகள் 2 கோடிக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது.

அங்கே சட்டம் இல்லையா? இருக்கிறது. 60,000 முட்டைக் கோழிக்கு மேல் வைக்கிற பண்ணை என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். 40,000 கோழிக்கு மேல் என்றால் சுற்றுச்சூழல் துறையின் தனி உரிமமும் வேண்டும்.

அப்புறம் எப்படி ஆறு கெட்டது?

இங்கேதான் சூட்சுமம். திறந்தவெளி முட்டைப் பண்ணைகள் பெரும்பாலும் 16,000 கோழி, இல்லையென்றால் 32,000 கோழி என்ற அளவில் வந்தன. 40,000 என்ற கோட்டுக்குக் கீழே! ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்த்தால், "இந்த ஒன்றால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று தோன்றும். ஒன்றுக்கு அனுமதி, பக்கத்தில் இன்னொன்றுக்கு அனுமதி, அதற்குப் பக்கத்தில் விரிவாக்கத்துக்கு அனுமதி. கோப்புகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஆறுதான் அழுக்காகிவிட்டது.

கோழி எருவில் பாஸ்பேட் அதிகம். நிலம் உறிஞ்சும் அளவுக்கு மேல் கொட்டினால் மீதி மழையோடு ஆற்றுக்குப் போகிறது. தண்ணீரில் பாசி பெருகுகிறது, அடியில் வெளிச்சம் படாமல் நீர்ச்செடிகள் மடிகின்றன, மீனுக்கு ஆக்ஸிஜன் குறைகிறது. வீட்டுக் கழிவுநீரும் அந்த ஆற்றில் கலக்கிறது என்பது உண்மைதான். ஆனால் விவசாயத்திலிருந்து வருகிற பாஸ்பேட் பெரிய பங்கு என்பதை அங்கே யாரும் மறுப்பதற்கில்லை. 2023 மே மாதம் இங்கிலாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே வை ஆற்றின் நிலை மோசமாகிக்கொண்டே போகிறது என்று தரம் இறக்கி அறிவித்தது.

இதற்கு விலை கொடுத்தது யார் தெரியுமா? ஹெரிஃபோர்ட்ஷயரில் வை ஆற்றின் கிளையான ‘லக்’ ஆற்றுப் பகுதியில் 2019-லிருந்து புது வீடு கட்ட அனுமதி கொடுப்பது பெருமளவு நின்றுபோனது. ஆறு இனிமேல் ஒரு சொட்டுப் பாஸ்பேட்டும் தாங்காது என்ற நிலை வந்துவிட்டதால், கோழி ஒன்றுகூட வளர்க்காத குடும்பம் வீடு கட்ட முடியாமல் காத்துக் கிடந்தது! முன்னால் வந்தவர்கள் ஆற்றின் பங்கை மொத்தமாகத் தின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவருக்கு இலை காலி.

▪ அங்கே ஊர் என்ன செய்தது?

அந்த நாட்டில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. யார் எதைக் கட்ட விண்ணப்பித்தாலும் அந்த விண்ணப்பம், வரைபடம், எல்லாம் உள்ளாட்சி மன்றத்தின் இணையதளத்தில் இருக்கும். அக்கம்பக்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் உண்டு. யாரும் எழுதலாம். முடிவெடுப்பவர் அதைப் படித்தாக வேண்டும். அப்படியும் தப்பு நடந்தால் நீதிமன்றம்.

ஷ்ராப்ஷயர் என்ற மாவட்டத்தில் இரண்டு லட்சம் கோழிக்குக் கட்டடம் கட்ட மன்றம் அனுமதி கொடுத்தது. பக்கத்தில் இருந்தவர் வழக்குப் போட்டார். 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. காரணம்? பண்ணைக்குள் நடப்பதை மட்டும் பார்த்தார்கள். அங்கிருந்து வெளியே போகிற எருவை மற்ற நிலங்களில் பரப்பும்போது வருகிற வாடை, தூசி ஆகியவற்றைச் சரியாக ஆராயவில்லை!

2025-ல் அதே மாவட்டத்தில் இன்னொரு பெரிய கோழிப்பண்ணைக்குக் கொடுத்த அனுமதியையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரே ஆற்றுப்பகுதியில் பல பண்ணைகள் சேரும்போது வருகிற மொத்தச் சுமையைப் பார்க்க வேண்டாமா என்பதுதான் அந்த வழக்கில் ஊர் எழுப்பிய முக்கியக் கேள்வி.

கவனியுங்கள். அங்கே ஊருக்குத் தகவல் கிடைத்தது, அதனால் சண்டை போட முடிந்தது. அவ்வளவு இருந்தும் ஆற்றைக் காப்பாற்ற முடியாமல் தவிக்கிறார்கள். தகவலே கிடைக்காத ஊர் என்ன செய்யும்?

▪ நம்ம ஊர் நிலைமை

நாமக்கல்லை முட்டை நகரம் என்கிறோம். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் போக, வளைகுடா நாடுகளுக்கும் முட்டை ஏற்றுமதி ஆகிறது. சத்துணவில் வாரம் 5 நாள் நம் பிள்ளைகள் தட்டுக்கு முட்டை வருவது இந்தத் தொழிலால்தான். அந்த முட்டையின் அருமை நமக்குத் தெரியும். இதைக் கட்டி எழுப்பியவர்கள் வெளியிலிருந்து வந்த கோடீஸ்வரர்கள் இல்லை. காடு வறண்டபோது கடன் வாங்கிக் கோழி வளர்த்த விவசாயக் குடும்பங்கள். அந்த உழைப்புக்குத் தலை வணங்குகிறோம்.

ஆனால் சட்டம் இந்தத் தொழில் வளர்ந்த வேகத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தது. நீண்ட காலம் கோழிப்பண்ணைகள் மாசு குறைந்த ‘பச்சை’ வகையில் வைக்கப்பட்டு, நீர், காற்றுச் சட்டங்களின் இசைவாணையிலிருந்து விலக்குப் பெற்றிருந்தன. 2020-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த விலக்கை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டு நெறிமுறையில்தான் 5,000 கோழிக்கு மேல் இருந்தால் இசைவாணை வாங்க வேண்டும் என்ற நிலை வந்தது.

நல்ல மாற்றம்தான். ஆனால் அதில் ஊர் எங்கே?

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப் பட்டியலில் கோழிப்பண்ணையே இல்லை. எத்தனை லட்சம் கோழி வைத்தாலும் அந்த அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. கட்டட அனுமதி ஒரு மேஜை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை இன்னொரு மேஜை, மின் இணைப்பு மூன்றாவது மேஜை. ஒவ்வொரு மேஜையும் தன் முன்னால் இருக்கிற ஒரு ஷெட்டை மட்டும்தான் பார்க்கிறது. இந்த ஊராட்சியில் ஏற்கெனவே எத்தனை லட்சம் கோழி இருக்கிறது, மொத்தம் எத்தனை டன் எரு, அதைத் தாங்க எத்தனை ஏக்கர் நிலம் இருக்கிறது என்று கூட்டிப் பார்க்கிற மேஜை எது?

வை ஆற்றைக் கொன்றது இந்தக் கூட்டாத கணக்குதான். நம் திருமணிமுத்தாற்றுக்கும், ஊர் ஏரிக்கும், கிணற்றுக்கும் அதே கணக்கைப் போட நாம் அனுமதிக்கப் போகிறோமா?

▪ "விவசாயிக்கு எதிரா பேசறீங்களே?"

இந்தப் பதிவைப் பார்த்ததும் சிலர் இப்படித்தான் கேட்பார்கள். நேராகவே பதில் சொல்கிறோம்.

மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறினால் பண்ணைக்காரர் தூக்கம் போகிறது. முட்டை விலை இறங்கினால் கடன் தவணை நிற்கிறது. அதனால் பண்ணையைப் பெரிதாக்கினால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நெருக்கடி உண்மை. அதைத் தீர்க்க வேண்டியது தீவன விலையிலும் கொள்முதலிலும் அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கை. அந்தச் சுமையைக் காலனி வீட்டுச் சோற்றுத் தட்டில் இறக்கி வைப்பது தீர்வா?

இன்னொன்று. ஊரைச் சுற்றி இருக்கிற மற்றவர்களும் விவசாயிகள்தான். கிணற்றை நம்பி வெங்காயம் போட்டவர் விவசாயி இல்லையா? ஈ மொய்த்து மாடு பால் குறைந்தால் நஷ்டப்படுகிறவர் விவசாயி இல்லையா? நன்றாகக் காயவைத்து மக்கிய கோழி எரு காட்டுக்குப் பொன். ஈரமாகக் கொட்டிக் குவித்தால் அதுவே விஷம். பண்ணைக்காரருக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் நடுவில் சண்டை மூட்டுவது நாம் இல்லை; ஊரைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிற மேஜைதான்.

வீட்டு வாசலில் பத்து நாட்டுக்கோழி வளர்க்கிற அக்காவுக்கு இதில் எந்தக் கவலையும் வேண்டாம். நாம் பேசுவது ஆயிரக்கணக்கில் கோழியைக் கூட்டுகிற விரிவாக்கத்தைப் பற்றி.

▪ நம் கோரிக்கைகள்

1. புதுப் பண்ணை ஆனாலும் விரிவாக்கம் ஆனாலும், 5,000 கோழிக்கு மேல் என்றால் விண்ணப்பத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் இணையதளத்திலும் போட வேண்டும். கருத்துச் சொல்ல 30 நாள் வேண்டும்.

2. கிராம சபையில் வைத்துப் பேசாமல் இசைவாணை கூடாது. கட்டி முடித்த பிறகு பேசுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

3. ஒவ்வொரு ஊராட்சிக்கும் மொத்தக் கோழிக் கணக்கும் எருக் கணக்கும் பொதுவெளியில் இருக்க வேண்டும். புது விண்ணப்பத்தைத் தனி ஷெட்டாகப் பார்க்காமல் அந்த மொத்தத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. எரு எங்கே போகிறது என்பதைச் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுக்க வேண்டும். "வெளியூருக்கு லோடு போகுது" என்ற ஒரு வரி போதாது.

5. கூண்டில்லாத் திறந்தவெளிப் பண்ணைக்கும் இதே விதி. பெட்டியில் ஒட்டுகிற படத்துக்குத் தனிச் சலுகை கிடையாது.

6. எருவைக் காயவைக்கும் கொட்டகை, மக்க வைக்கும் தளம் அமைக்கச் சிறு, நடுத்தரப் பண்ணைகளுக்கு அரசு மானியம் தர வேண்டும். விதியை மட்டும் போட்டுவிட்டு வசதி செய்து தராமல் இருந்தால் சின்னவர்கள் மூடிவிடுவார்கள், பெரியவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அதை நாம் ஏற்க மாட்டோம்.

7. பண்ணையைச் சுற்றியுள்ள குடிநீர்க் கிணறுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை நைட்ரேட் சோதனை. முடிவை ஊர் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும்.

▪ நீங்கள் செய்ய வேண்டியது

இதைப் படித்துவிட்டு லைக் போட்டு நகர்ந்துவிடாதீர்கள் தோழர்களே.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு வீட்டிலிருந்து ஒருத்தராவது போங்க. பெண்கள் கட்டாயம் போங்க; ஈயோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர்கள் நீங்கதான். ஊராட்சியில் எத்தனை பண்ணை, எத்தனை கோழி, யாருக்கெல்லாம் இசைவாணை என்று கேளுங்க. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்க. எழுதாமல் கையெழுத்துப் போடாதீங்க.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போடுங்க. விரிவாக்கத்துக்குக் கொடுத்த இசைவாணையின் நகல், அதில் உள்ள நிபந்தனைகள், கடைசியாக ஆய்வு செய்த தேதி. இந்த மூன்றும் கேட்டால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்தப் பதிலோடு போங்க. வெறும் வாய்ப் புகாரைத் தட்டிக்கழிக்கலாம். அவர்கள் கொடுத்த காகிதத்தை அவர்களே தட்டிக்கழிக்க முடியாது.

பண்ணை வைத்திருக்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் இயக்கத்திலும் நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். விரிவாக்கம் பண்ணப் போறீங்களா? சட்டம் சொல்லும் வரை காத்திருக்காமல் நீங்களே ஊரைக் கூட்டிச் சொல்லுங்க. எருவுக்கு என்ன ஏற்பாடு, தண்ணீர் எங்கிருந்து, ஈக்கு என்ன வழி என்று எழுதிக் கொடுங்க. ஊர் ஒத்துக்கொண்ட பண்ணை மேல் எந்த வழக்கும் வராது. ஊரை ஏமாற்றிக் கட்டிய ஷெட்டுக்கு நிம்மதி என்றைக்கும் கிடையாது.

வளர்ச்சி என்ற பேரில் ஒருவர் வரவும் ஊரார் செலவும் தனித்தனிக் கணக்கில் எழுதப்படுவதை இனியும் ஏற்க முடியாது. காற்றும் தண்ணீரும் யார் பட்டாவிலும் அடங்காது. அதைத் தொடுகிற எந்த அனுமதியிலும் ஊரின் கையெழுத்து இருக்க வேண்டும்.

பகிருங்கள். உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். உங்கள் ஊராட்சியின் கோழிக் கணக்கைக் கீழே எழுதுங்கள்.

முட்டை வேண்டும்! ஊரும் வேண்டும்!
ஊரைக் கேள்! பிறகு அனுமதி கொடு!

#ஊரைக்கேள் #கிராமசபைஅதிகாரம் #எங்கள்தண்ணீர்எங்கள்உரிமை